பத்தாம் இடத்தைப் பிடிப்பது எப்படி? செஞ்சிக்காரர்களுக்கு மட்டும்

அதிகாரம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்களா? ஜாதகத்தை எடுங்கள். லக்னத்திலிருந்து எண்ணிப் பத்தாம் கட்டத்தில் சூரியனோ செவ்வாயோ இருந்தால் திக்பலம். ராஜகிரி உச்சியில், 800 அடி உயரத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே ஏறும் வழியில் ஒரு பாறைப் பிளவும் அதன்மேல் ஒரு பாலமும் உண்டு. பாலத்தை எடுத்துவிட்டால் எவனும் மேலே வரமுடியாது. மேலே இருக்கிறவரும் இறங்க முடியாது. இதை ஜோதிடர் சொல்லமாட்டார்.

பத்தில் ஒரு பாவியாவது இருக்கணும் என்பார். பத்தில் குரு வந்தால் பதவி பறிபோகும் என்றும் அதே மூச்சில் சொல்வார். அரசியலில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

திரிகோண பலம் நம் ஊருக்கே இருக்கிறது: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி, மூன்றையும் இணைக்கும் மதில். அப்படியும் கோட்டை 1677இல் சிவாஜிக்கும், 1750இல் பிரெஞ்சுக்காரர்களுக்கும், 1761இல் ஆங்கிலேயருக்கும் போனதே என்று கேட்டுவைக்காதீர்கள். தசை சரியில்லை என்பார், தட்சணையைப் பார்த்தபடி.

அடுத்தது சனி. 1690 செப்டம்பரில் மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் செஞ்சியை வளைத்தார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698 தொடக்கத்தில். விரல்விட்டு எண்ணுங்கள், கிட்டத்தட்ட ஏழரை வருஷம்! ஆனால் சனி பிடித்தது யாரை? உள்ளே இருந்தவர் தர்பார் நடத்தினார். வெளியே இருந்தவரோ மராட்டியப் படைகள் தானியத்தை மறிக்க, நடுவில் வந்தவாசி வரை பின்வாங்கி, மறுபடி வந்து கூடாரம் போட்டார். கோட்டை விழுமுன்பே ராஜாராம் நழுவி மகாராஷ்டிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே பன்னிரண்டாம் இடத்தை வெறும் விரய ஸ்தானம் என்று ஒதுக்காதீர்கள். தூரதேசப் பயணத்துக்கும் அதுதான் கட்டம். நாற்காலியில் உட்காருமுன் கொல்லைக்கதவு எங்கே என்று பார்த்துவைப்பது நல்லது.

செவ்வாய் பலமாக உள்ளவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கப்பம் கட்டமாட்டேன் என்று நின்ற நம் தேசிங்கு ராஜா 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதிக் களத்தில் விழுந்தார். கோட்டை நவாப் சாதத்துல்லா கானுக்கு. ஊர் ஊராகப் பாடிய கதைப்பாட்டு தேசிங்குக்கு. அவருடைய குதிரைக்குக்கூட அதில் பெயர் உண்டு. எனவே பதவி வேண்டுமா, பாட்டு வேண்டுமா என்பதை ஜோதிடரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் பரிகாரம் வேறு, ரேட்டும் வேறு.