சாம்பாருக்கு ஒரு கமிட்டி

கேள்வி: எங்கள் ஆலையில் யூனியனும் இருக்கிறது, ஒர்க்ஸ் கமிட்டியும் இருக்கிறது. இரண்டும் எதற்கு? (வாசகர், மேட்டகள்ளி, மைசூரு)

பதில்: சம்பளம், போனஸ் பேச யூனியன், சாம்பாரில் பருப்பு எங்கே என்று கேட்கக் கமிட்டி! 100 பேருக்குக் குறையாத ஆலையில் அரசு உத்தரவிட்டால் கமிட்டி அமைத்தாக வேண்டும். அதில் தொழிலாளர் தலைகள் நிர்வாகத் தலைகளைவிடக் குறையக் கூடாது என்றது 1947-ம் வருடத் தொழில் தகராறு சட்டம். 2020-ன் புதுச் சட்டமும் இந்தக் கமிட்டியைக் கைவிடவில்லை. ஆனால், யூனியன் நாற்காலியில் கமிட்டி உட்கார முடியாது. நார்த்புரூக் சணல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-லேயே சொல்லிவிட்டது. நிர்வாகத்துக்குத்தான் அது அடிக்கடி மறந்துபோகும். கழிவறைத் தாழ்ப்பாள் மூன்று கூட்டமாகப் 'பரிசீலனையில்' இருக்கிறதா? மினிட்ஸில் கையெழுத்துப் போடுமுன், என்றைக்குள் மாட்டுவார்கள் என்று தேதி எழுதச் சொல்லுங்கள்.