விடலையின் முன்னோசை: பழவங்காடிச் சுற்றுவட்டார டேக் ஃபில்டர்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயிலில் விடலை போடும்போது, தேங்காய் உடைவதற்கு முன்பே அதன் ஓசை கேட்குமா என்னும் வினாவை இதுகாறும் எந்த அறிஞரும் எடுத்துக்கொள்ளவில்லை. கேட்கும் என்று சாதிப்போர் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் பக்தர்கள் அல்லர். வீட்டில் டேக் வைத்திருப்பவர்கள்.

டேக் என்பது எண்களாக வரும் இசையை மின்னலையாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பெட்டி. அதன் மெனுவில் ‘ஃபில்டர்’ என்றொரு வரி உண்டு. அமெரிக்க ஈஎஸ்எஸ் நிறுவனத்தின் சில சிப்புகளில் ஏழு ஃபில்டர், ஜப்பானின் ஏகேஎம் சிப்புகளில் ஐந்தாறு. போதாது என்பவர்கள் ஃபின்லாந்திலிருந்து வரும் எச்க்யூ பிளேயர் மென்பொருளைக் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். அதிலுள்ள பட்டியல் சாலைக் கம்போளத்து மளிகைச் சீட்டு நீளம். ஃபாஸ்ட் லீனியர், ஸ்லோ லீனியர், ஃபாஸ்ட் மினிமம், ஸ்லோ மினிமம், அபோடைசிங், பிரிக்வால் என்று போகும் இப்பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் பாட்டுக் கேட்பது ஆசாரக் குறைவாகக் கருதப்படுகிறது. தேர்ந்தெடுத்த பிறகு மாற்றாமல் இருப்பது அதைவிடப் பெரிய குறைவு.

முதலில் மூல எண். சிடியில் நொடிக்கு 44,100 மாதிரிகள். இதைக் காதுக்குப் பார்த்துப் பார்த்துத் தைத்த சட்டை என்று நம்புவோர் பலர். உண்மையில் அன்றைக்கு டிஜிட்டல் ஒலியை வீடியோ நாடாவில்தான் பதிந்து வைக்க முடிந்தது. ஒரு கோட்டில் 3 மாதிரி, ஒரு புலத்துக்கு 245 கோடு, நொடிக்கு 60 புலம் என்று அமெரிக்க, ஜப்பானிய முறையில் பெருக்கினால் 44,100. நம் தூர்தர்ஷன் வழியில் 3, 294, 50 என்று பெருக்கினாலும் அதே 44,100. மேலும் இது 210-இன் வர்க்கம். அந்த 210 வேறொன்றுமில்லை, 2, 3, 5, 7 ஆகிய முதல் நான்கு பகா எண்களின் பெருக்கம். எண்கணித ஜோசியர்கள் இதை இன்னும் கண்டுகொள்ளாதது வியப்பே.

ஒலியின் மிக உயர்ந்த அதிர்வெண்ணுக்கு இரண்டு மடங்கைவிடச் சற்றே கூடுதல் வேகத்தில் மாதிரி எடுத்தால், அலையை முழுமையாக மீட்டுவிடலாம் என்பது சித்தாந்தம். ரஷ்யாவில் கோட்டெல்னிகாவ் 1933-இலும், அமெரிக்காவில் ஷானன் 1949-இலும் இதை நிறுவினார்கள். மீட்கும்போது ஒரு சங்கடம். 22,050 ஹெர்ட்ஸுக்கு மேலே அசல் இசையின் பிம்பங்கள் தலைகீழாக வந்து நிற்கும். 10,000 ஹெர்ட்ஸ் ஸ்வரத்துக்கு 34,100-இல் ஒரு போலி. அதைத் தடுக்கும் காவலாளிதான் ஃபில்டர். 20,000-க்கும் 22,050-க்கும் இடையிலுள்ள சந்துக்குள் கதவை அடைக்க வேண்டியிருப்பதால், முதலில் மாதிரிகளை எட்டு மடங்காகப் பெருக்கிக்கொண்டு காரியத்தை எண்கணக்கிலேயே முடிக்கிறார்கள். இதுவே அப்சாம்ப்ளிங். இது புதிய ஆடம்பரமுமல்ல. 1982-இல் சிடி பிறந்தபோது பிலிப்ஸின் கையில் இருந்தது 14 பிட் சிப். தட்டோ 16 பிட். நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் மானத்தைக் காத்தார்கள். இன்றைய சிப் கேட்காமலேயே இதைச் செய்கிறது. கணினியில் அப்சாம்ப்ளிங் மென்பொருள் வாங்குகிறவர், சிப் சும்மா பார்த்த வேலையைச் சம்பளம் கொடுத்து வேறொருவரிடம் ஒப்படைக்கிறார், அவ்வளவே.

இனி விடலைக்கு வருவோம். சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும் ஒலியை ‘இம்பல்ஸ்’ என்பார்கள். ஃபில்டரைச் சோதிக்க அதைத்தான் ஊட்டுவது வழக்கம். பழவங்காடியில் இதற்குப் பஞ்சமில்லை. பத்மநாபபுரத்திலிருந்து தலைநகர் மாறியபோது நாயர் பட்டாளத்தார் கொண்டுவந்த பிள்ளையார். இன்றும் கோயில் ராணுவத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. நேர்ச்சைத் தேங்காய் ஓங்கி எறியப்பட்டு மோதும் கணத்தில் ஒரு வெடிப்பு, பிறகு ஓட்டுச் சில்லுகளின் சிதறல், பிறகு தண்ணீர். கோட்டைக்குள் போகும் பஸ்ஸின் ஹார்ன் குறுக்கே வராவிட்டால் இதைவிடச் சுத்தமான இம்பல்ஸ் இவ்வட்டாரத்தில் கிடையாது.

ஃபாஸ்ட் லீனியர் ஃபில்டரில் ஓர் இம்பல்ஸ் நுழைந்தால், வெடிப்புக்குப் பின் மட்டுமல்ல, முன்பும் ஒரு நடுக்கம் தெரியும். இருபுறமும் சமம். பெட்டி இசை முழுவதையும் ஒரு மில்லிநொடி போலத் தாமதித்து வைத்துக்கொண்டு, வரப்போவதை எட்டிப் பார்த்துவிட்டே வாய் திறக்கிறது. ஆகவே இதில் தீர்க்கதரிசனம் ஏதுமில்லை. மினிமம் ஃபேஸில் நடுக்கம் முழுவதும் பின்னால் தள்ளப்படும். விலையாக உச்ச ஸ்தாயி ஒலிகள் இம்மியளவு பிந்தி வரும். ஸ்லோ வகையில் நடுக்கம் குறைவு, ஆனால் பிம்பங்கள் கொஞ்சம் கசியும். ஃபில்டரே வேண்டாம் என்னும் ‘நாஸ்’ மதத்தாருக்கு நடுக்கமே இல்லை. பதிலுக்கு 20,000 ஹெர்ட்ஸில் 3.2 டெசிபல் சரிவு. பிம்பங்கள் அனைத்தும் வீட்டுக்குள்.

இந்தப் பிரிவினை பழவங்காடிக்குப் புதிதல்ல. பி.எஸ்.சி. தேர்வுக்குப் போகும் வழியிலேயே உடைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ரேங்க் லிஸ்டில் பெயர் வரட்டும், பிறகு உடைப்போம் என்பவர்கள் உண்டு. இவர்கள் ஐயத்துக்கிடமின்றி மினிமம் ஃபேஸ். முன்பு பாதி, பின்பு பாதி என்று பேசி முடித்துக்கொள்ளும் லீனியர் பக்தர்களும் உண்டு. நேர்ச்சையே போடாதவர்களின் 3.2 டெசிபல் எங்கே போகிறது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

தடை: இந்த முன்னோசை யார் காதில் விழுகிறது? நடுக்கத்தின் அதிர்வெண் ஃபில்டர் கதவடைக்கும் இடத்தில், அதாவது 22,000 ஹெர்ட்ஸ் சுமாரில் இருக்கிறது. நடுவயதில் 15,000 கேட்பதே பெரிய காரியம். போதாக்குறைக்கு, அந்த அழகான நடுக்கப் படங்களெல்லாம் ஒரேயொரு மாதிரி மட்டும் துருத்தி நிற்கும் செயற்கைச் சோதனையில் எடுத்தவை. முறையாகப் பதிந்த இசையில் கதவோரத்தில் அவ்வளவு ஆற்றலே இருக்காது. மிருதங்கத்தின் அரைச்சாப்பு கூட அங்கே எட்டிப் பார்ப்பதோடு சரி. பூனைக்கு 60,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆகவே நாஸ் டேக் வாங்குகிறவர் வீட்டுப் பூனையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

அறிவுலகமும் கை கட்டி நிற்கவில்லை. 2007-இல் மேயர், மோரன் என்ற இருவர் பாஸ்டன் பகுதியில் உயர் தெளிவு ஒலியைச் சிடி தரத்துக்கு இறக்கி, எது எது என்று சொல்லாமல் 554 தடவை கேட்கவைத்தார்கள். சரியான விடை 49.8 சதவீதம், பூவா தலையா போட்டிருந்தால் 0.2 சதவீதம் கூட வந்திருக்கும். 2016-இல் ஜோஷுவா ரைஸ் என்பவர் 18 சோதனைகளை ஒன்றாகத் தொகுத்தார். அதில் 52.3 சதவீதம். பயிற்சி பெற்றவர்கள் 60-ஐத் தாண்டினார்கள். இந்த 2.3 சதவீதத்தின் மேல்தான் பல கடைகள் நடக்கின்றன. மறுக்க முடியாத 2.3 அது, எனினும் அதற்காக வீட்டை அடகு வைக்கலாமா என்று ரைஸ் சொல்லவில்லை.

கள ஆய்வுக்கு இருவர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. ஒருவர் கரமனை அக்ரஹாரத்து அத்திம்பேர்; நவராத்திரிக் கச்சேரிகளுக்குச் சலிக்காமல் போகிறவர். மற்றவர் சாலையில் மிளகு, ஏலக்காய் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி. ஸ்வாதித் திருநாளின் சங்கராபரணக் கிருதி ஒன்று, ஃபில்டர் ஒவ்வொன்றாக மாற்றி ஒலிக்கவைக்கப்பட்டது. ஃபாஸ்ட் லீனியரில் அத்திம்பேர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “தம்புரா பஞ்சமம் அரை இழை எறங்கியிருக்கு, கேட்டியோ?” என்றார். ஸ்லோ மினிமத்துக்கு மாற்றியதும், “இப்பவும் எறங்கித்தான் இருக்கு” என்றார். மேலும் வற்புறுத்தியபோது, “வயலின்காரன் நன்னா ஒத்தாசை பண்றான்டா, அதக் கேளேன்” என்று ஆய்வின் திசையையே மாற்ற முற்பட்டார்.

அண்ணாச்சியின் சாட்சியம் இன்னும் கனமானது. “தம்பி, ஃபேனு போடுத சத்தத்துல நீ எந்த ஃபில்டரக் கேக்கே?” ஃபேனை நிறுத்தலாமா என்று கேட்டதற்கு, “நிறுத்துனா நான் எந்திச்சிப் போயிருவேன்” என்றார். திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் இது நியாயமான முறையியல் ஆட்சேபம். ஓடுகிற மின்விசிறி 40 டெசிபல் அளவில் அறையை நிரப்புகிறது. ஃபாஸ்ட் ஃபில்டர்களுக்குள் காதுக்கு எட்டும் எல்லையில் உள்ள வேறுபாடு டெசிபலில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. ஒலியளவைச் சமன் செய்யாமல் ஒப்பிட்டால் வேறு கதை: சாதாரண ஆர்சிஏ வழியில் 2 வோல்ட், பேலன்ஸ்டு வழியில் 4 வோல்ட், அதாவது 6 டெசிபல் கூடுதல். கூடச் சத்தம் போடுவது எப்போதும் ஜெயிக்கும். இதற்கு ஆய்வு தேவையில்லை, நம் சட்டமன்றம் போதும்.

காதில் விழக்கூடிய ஒன்றிரண்டு சமாச்சாரங்களையும் சொல்லிவிட வேண்டும். இக்காலத் திரைப்பாடல்கள் உச்சியில் முட்டும்படி பதியப்படுகின்றன. அப்சாம்ப்ளிங் செய்யும்போது மாதிரிகளுக்கு இடையில் மறைந்திருக்கும் சிகரங்கள் வெளிப்பட்டு, எண்களின் கூரையை இடித்துக் கரகரக்கும். முன்கூட்டியே 3 டெசிபல் இறக்கி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். 44.1-ஐ 48-ஆக மாற்றச் சொல்லிக் கணினியை வதைப்பதும் வேண்டாம். அது 160-க்கு 147 என்ற விகிதம். நல்ல மென்பொருள் தாங்கும், மட்டமானது தாங்காது.

உண்மையான ஃபில்டர் ஒன்று பழவங்காடியிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தின் உட்கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள், ஒலி நயத்துக்காக. பானையின் வயிறும் வாயும் சேர்ந்து எந்த அதிர்வெண்ணைப் பிடிக்கும் என்பதை ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் நூலாக எழுதினார். அரங்கில் பாத்திரம் பதிப்பது பற்றி ரோமானிய விட்ருவியஸ் அவருக்கும் பல நூற்றாண்டு முன்பே எழுதிவிட்டார். நவராத்திரி மண்டபத்தில் கச்சேரிக்குக் கைதட்டக் கூடாது. 2006-இல் பாறசாலை பொன்னம்மாள் பாடும்வரை பெண் குரலே அம்மேடையில் ஒலித்ததில்லை. அதுவரை அப்பானைகள் ஒரு முழு ஸ்தாயியைக் கேட்காமலே தொங்கின. எந்த மெனுவிலும் இல்லாத அந்த ஃபில்டரைப் பற்றி எந்த டேக்காரரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த கட்டமாக, நேர்ச்சைத் தேங்காயின் ஓசையை 192 கிலோஹெர்ட்ஸில் பதிய அனுமதி கோரும் விண்ணப்பம் தயாராகிவிட்டது. ‘நோக்கம்’ என்ற இடத்தில், ‘தேங்காய் உடைவதற்கு முன் எழும் ஓசையை ஆராய்தல்’ என்று எழுதியிருக்கிறது. பட்டாளத்தாரிடம் இப்படி எழுதிக் கொடுத்தால் அனுமதிக்கல்ல, விசாரணைக்குத்தான் கூப்பிடுவார்கள் என்கிறார் அத்திம்பேர். அண்ணாச்சி அதற்குள் நாகர்கோவிலுக்குப் போன் போட்டு, தேங்காய் நூறாக எடுத்தால் என்ன விலை என்று கேட்டு வைத்திருக்கிறார்.