நாக்கில் கரையும் வைட்டமின்

நாக்கில் வைத்தால் கரையும் வைட்டமின் தாள், கல்யாணில் ரயில் ஏறினால் மும்பை சி.எஸ்.எம்.டி. வரை தாங்குமா?

அடுத்த ஸ்டேஷன் தாக்குர்லி வரைகூடத் தாங்காது. தபால்தலை அளவுள்ள தாள் எச்சில் பட்டதும் வழவழத்து, சுமார் ஒரு நிமிடத்தில் காணாமல் போகும். தண்ணீர் வேண்டாம், காலை லோக்கலில் பாட்டிலைத் திறக்கக் கை எங்கே இருக்கிறது?

தாவரத் தாள் என்கிறார்களே, எந்தச் செடியில் காய்க்கிறது?

கல்யாணுக்கு எதிர்த்திசையில் அடுத்த ஸ்டேஷனான ஷஹாடில் மரக்கூழின் செல்லுலோஸ் ரேயான் நூலாகிறது. அதே செல்லுலோஸை வேறு விதமாக மாற்றினால் ஹைப்ரோமெல்லோஸ். பல தாள்களுக்கு அதுதான் உடம்பு. இன்னொன்று புல்லுலான், மாவுச்சத்தைத் தின்று ஒரு பூஞ்சை தருவது. மகாராஷ்டிரத்திலேயே, நாக்பூர் அருகே கல்மேஷ்வரில் ஜிம் லேபரட்டரீஸ் இத்தகைய தாள்களைத் தயாரிக்கிறது.

அப்படியானால் சுத்த சைவம்தானே?

தாள் சைவம். உள்ளே இருப்பது? டி3 பெரும்பாலும் ஆட்டுக் கம்பளியின் மெழுகிலிருந்து வருகிறது. ஆட்டை அறுப்பதில்லை, கத்தரிப்பதோடு சரி. அதுவும் ஆகாதென்றால் பாறையில் படரும் லைக்கனிலிருந்து எடுத்த டி3 உண்டு. பி12-ஐ எந்தச் செடியும் தயாரிப்பதில்லை. பாக்டீரியாவை வளர்த்துத்தான் எடுக்கிறார்கள்.

நேராக ரத்தத்தில் கலந்துவிடுமாமே?

விளம்பரத்தில் கலக்கும். வாயில் கரைந்ததில் பெரும்பகுதி எச்சிலோடு வயிற்றுக்குத்தான் போகிறது.

கால்சியத்தையும் இதிலேயே கொடுத்தால் என்ன?

ஒரு நாளைக்கு வேண்டிய பி12 சில மைக்ரோகிராம். தாளில் தாராளமாக இடம் உண்டு. கால்சியமோ பெரியவர்களுக்கு 1,000 மில்லிகிராம். ஒரு தாள் சுமப்பது சில பத்து மில்லிகிராம்தான். நோட்டுப் புத்தகத்தையே மெல்ல யார் தயார்?