முருங்கைப் பூவில் அமெரிக்க விருந்தாளியா?

கேள்வி: அமெரிக்காவில் ஹம்மிங்பேர்ட் வசந்தத்தில் எந்த ஊருக்கு என்றைக்கு வந்தது என்று மக்களே பார்த்துச் சொல்ல, வரைபடம் போடுகிறார்களாமே! எங்கள் வீட்டு முருங்கைப் பூவில் தேன் குடிப்பதும் அதுதானே? நானும் குறித்து அனுப்பலாமா?
- வாசகர், வடமதுரை

பதில்: அனுப்பாதீர்கள், பயந்துவிடுவார்கள்! ஹம்மிங்பேர்ட் இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது. அதில் ஒரு வகை, 3 கிராம் எடையை வைத்துக்கொண்டு மெக்சிகோ வளைகுடாவின் 800 கிலோமீட்டரை நிற்காமல் கடக்கும். உங்கள் முருங்கைக்கு வருவது தேன்சிட்டு. ஆதார் அட்டை வாங்கும் அளவுக்கு நிரந்தர விலாசதாரர். வலசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வலசைதான் வேண்டுமென்றால் சோளக்கொல்லைப் பக்கம் போங்கள். கூட்டம் கூட்டமாக இறங்கும் சூறைக்குருவி மத்திய ஆசியாவிலிருந்து வருகிறது. சித்திரை வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடும். காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கூவும் ஆறுமணிக்குருவியும் கோடையில் வடக்கே கிளம்பிவிடும். இப்படி வருகிற, போகிற தேதிகளைப் பொதுமக்களிடம் கேட்டுத் தொகுக்கும் வேலை நம் நாட்டிலும் 2007-லேயே ‘மைக்ரன்ட் வாட்ச்’ என்ற பெயரில் தொடங்கியது. இப்போது ‘இபேர்ட்’ செயலியில் பதியலாம், காசு கிடையாது.

பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கரும்பைக் கடித்துக்கொண்டே கால் மணி நேரம் எண்ணி அனுப்புங்கள். வடமதுரையும் வரைபடத்தில் ஏறட்டும்.