குடில் போடப் போற தம்பிக்கு நாலு வார்த்தை

வா தம்பி, உட்காரு. பட்டணத்து வேலையை உதறிட்டு குடவாசல்ல பசுமைக்குடில் போடப் போறியாமே? டீக்கடை முழுக்க அதே பேச்சு. ஓசூர்ல ரோஜாவும் குடைமிளகாயும் குடிலுக்குள்ள கொழிக்கிறதை போன்ல பார்த்திருப்ப. அங்கே காத்தே குளிர்ச்சி. நம்ம அக்னி நட்சத்திரத்துல நாலு பக்கமும் பாலித்தீனைப் போட்டு மூடினா, உள்ளே செடி வராது, இட்லிதான் வேகும். மேலே ஷீட்டு, பக்கத்துக்கு வலைன்னு வை. இல்லன்னா மொத்தத்தையும் நிழல்வலையில முடி. குழித்தட்டுல கத்தரி, மிளகாய், தக்காளி நாத்து விட அது போதும். ரோஜாவைக் கல்யாணத்துக்குக் கடையில வாங்கிக்கலாம்.

கொல்லையில பள்ளமான மூலை சும்மாதானே கிடக்குன்னு அங்கே போய் நிக்காத. நம்ம ஊர்ல ஒரு இடம் சும்மா கிடந்தா அதுக்குக் காரணம் இருக்கும். ஐப்பசி மழையில அங்கே கெண்டை துள்ளும். மேட்டுல போடு, சுத்தி வடிகால் வெட்டு.

ஒத்தாசைக்கு நாலு பேர் வருவாங்க. ஒருத்தன் பைப்பைப் பிடிப்பான். ஒருத்தன் பிடிக்கிறவனுக்கு யோசனை சொல்வான். இன்னொருத்தன் ரீல்ஸ் எடுப்பான். நாலாமத்தவன் டீ வாங்கப் போவான், போனவன் போனவன்தான். யோசனைக்காரனை மட்டும் விரட்டிடாத. கயித்தோட ஒரு முனையை அவன் கையில கொடுத்து, மூணு, நாலு, அஞ்சடிக் கணக்குல மூலைமட்டம் பார்க்கச் சொல்லு. குறுக்குக்குக் குறுக்கு இரண்டும் ஒரே அளவு வரணும்னு சொல்லிடு. வர்ற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டான். இந்தக் கூட்டமும் ஜூன் 12 வரைக்கும்தான். மேட்டூரைத் திறந்துட்டா, அவனவன் குறுவையைப் பார்க்கப் போயிடுவான்.

இருபதடி பைப்பை அரைவட்டமா வளைச்சா அகலம் பன்னிரண்டே முக்கால் அடி, உச்சி ஆறடிக்குக் கொஞ்சம் மேல. உன் உயரத்துக்கு நடுவுல நிமிர்ந்து நடக்கலாம், ஓரத்துல பணிவு வந்துரும். நல்லதுதான்.

குடிலோட காலை ஊனும்போது, 'நம்ம களிமண்ணு காய்ஞ்சா கல்லு, கப்புனு பிடிச்சுக்கும்'னு ஒரு பெரிசு சொல்லும். கார்த்திகையில அதே மண்ணு குழம்பாகும்னு சொல்லாது. இரண்டடி ஆழம் போ, தடிச்ச பைப்பை இறக்கி காங்கிரீட்டு போடு, அதுக்குள்ள வளைவை நுழைச்சு போல்ட்டால முடுக்கு. ஷீட்டு உரசுற முனையில பழைய சைக்கிள் டியூப்பைச் சுத்து. விடியக் குளிர்ல ஷீட்டை இழுத்துப் பூட்டாத, வெயில் ஏறினா தொளதொளன்னு தொங்கும். சூடு பிடிச்சதும், காத்து கிளம்பறதுக்குள்ள ஷீட்டைப் பிடிக்கிற ஸ்பிரிங்கை மாட்டி முடிச்சுடு.

மானியம் பத்திக் கேட்டியே? தோட்டக்கலை ஆபீஸ்ல பாதி வரைக்கும் கொடுக்கிறாங்க. உத்தரவு கைக்கு வராம குழி தோண்டிடாத, அப்புறம் குழி மட்டும்தான் மிஞ்சும்.

கடைசியா ஒண்ணு. 2018 நவம்பர் 16 விடியக்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறுன கஜா புயல், வேர் விட்டு நின்ன தென்னையையே லட்சக்கணக்குல சாய்ச்சுது. உன் குடிலுக்கு வேரே கிடையாது. புயல்னு சேதி வந்தா ஷீட்டைக் கழட்டிச் சுருட்டு, எலும்புக்கூடாவது மிஞ்சும். கழட்டவும் ஆள் வேணுமே, அதனால கூலியை அன்னன்னைக்குச் சாயங்காலமே கொடுத்துடு தம்பி. ஷீட்டு மாட்ட ஊரே வரும். கொட்டுற மழையில கழட்ட யார் வருவான்னு இப்பவே பார்த்து வை.