வாய்தா தெரிந்த மென்பொருள்

கேள்வி: மூன்று வக்கீல்கள், ஒரு குமாஸ்தா. இதுதான் எங்கள் அலுவலகம். வழக்கு நிர்வாக மென்பொருள் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: விற்க வருபவர் காட்டும் வண்ண வரைபடங்களை விடுங்கள், கெடுவைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். வணிக நீதிமன்ற வழக்கில் சம்மன் கிடைத்த 120 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்யாவிட்டால் அந்த உரிமையே போய்விடும். நீதிபதி மனது வைத்தாலும் நீட்டித் தர முடியாது. சம்மன் கிடைத்த தேதியைப் போட்டதும் வழக்கமான கெடுவான 30-ஆம் நாளையும் கடைசிக் கெடுவான 120-ஆம் நாளையும் தானாகக் குறித்து, வக்கீலுக்கும் குமாஸ்தாவுக்கும் முன்கூட்டியே சொல்லாத மென்பொருள் வெறும் விலை உயர்ந்த டைரிதான். “இ-கோர்ட்ஸ் செயலி இலவசமாயிற்றே?” என்பீர்கள். உண்மைதான், சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா வந்துவிடும். ஆனால் அதற்குத் தெரிந்தது நீதிமன்றத்துக்குத் தெரிந்தது மட்டுமே. கட்சிக்காரர் அசல் பத்திரத்தை இன்னும் தரவில்லை, பாதி ஃபீஸ் பாக்கி என்பதெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்? நீங்கள் காசு கொடுப்பது அந்த இடைவெளிக்குத்தான்.

“கட்சிக்காரர் ரகசியம் அடுத்தவர் சர்வரில் இருக்கலாமா?” என்ற பயம் நியாயமானது. அதற்காக மென்பொருளே வேண்டாம் என்பது சரியல்ல. மேசைமேல் திறந்து கிடக்கும் வழக்குக் கட்டையும் யார் வேண்டுமானாலும் புரட்டலாம். யார் எந்த ஆவணத்தைத் திறந்தார் என்ற பதிவு இருக்கிறதா, சந்தாவை நிறுத்தினால் எல்லாக் கோப்புகளும் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்பவர்கள் நீங்கள்தானே!