ஒரு லட்சம் முகவரி வாங்கின மருமவனுக்கு

வாடே மருமவனே, உக்காரு. ஒரு லட்சம் பேரோட ஈமெயில் முகவரியை எவன்கிட்டயோ அஞ்சாயிரம் ரூபாய்க்கு வாங்கிப்புட்டியாமே. உங்க அம்மா பூரிச்சுப் போயிச் சொன்னா. கணக்குப் போட்டுப் பாத்தேன், ஆளுக்கு அஞ்சு பைசா வருது. இந்தக் காலத்துல அஞ்சு பைசாவைப் பிச்சைக்காரன்கூட வாங்க மாட்டான். நீ அந்த விலைக்கு ஆளையே வாங்கிப்புட்டே. உடன்குடிக் கருப்பட்டி விக்க இவ்வளவு பெரிய மூளை நம்ம வம்சத்துல யாருக்கும் வாய்ச்சதில்ல.

ஒரே ஒரு சந்தேகம். அந்த ஒரு லட்சத்துல கருப்பட்டின்னா என்னன்னு தெரிஞ்சவன் எத்தனை பேரு? சீனி வியாதிக்காரன் எத்தனை பேரு? போன வருஷமே மேல போயிச் சேந்தவன் எத்தனை பேரு? வித்தவன்கிட்ட கேட்டியா? கேட்டிருக்க மாட்டே. செத்தவன் உன் கருப்பட்டியை வாங்க மாட்டான், போகட்டும், உன்னைத் திட்டவும் மாட்டான். உயிரோட இருக்கவன்தான் ஆபத்து.

கிழவனுக்கு மெயிலைப் பத்தி என்ன தெரியும்னுதானே உதட்டைச் சுழிக்கே? தபாலாபீசுல முத்திரை குத்தியே முடி நரைச்சவன்டே நான். எந்தக் கவரை ஆசையாப் பிரிப்பாக, எதைப் பிரிக்காமலே அடுப்புல போடுவாகன்னு வெளிப்பக்கத்தைப் பாத்தே சொல்லிருவேன். மிச்ச வெவரமெல்லாம் பேத்தி வாசிச்சுக் காட்டினது.

முதல்ல இதைக் கேளு. 1978, மே 3. அமெரிக்காவுல டிஜிட்டல் எக்விப்மென்ட்னு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. அங்க விற்பனையில இருந்தவன் கேரி துர்க். கலிபோர்னியாவுல எங்க புது மெஷினைக் காட்டப் போறோம், வந்து பாருங்கன்னு சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலைத் தட்டிவிட்டான். அப்போ இன்டர்நெட்டு கிடையாது. அர்பாநெட்டுன்னு அமெரிக்க ராணுவத் துட்டுல ஓடின வலை. முகவரிக்குன்னு இருந்த இடம் நெறஞ்சு, மிச்சப் பேரு பூராவும் விஷயம் எழுதுற இடத்துக்குள்ள வழிஞ்சு நின்னுச்சு. வாங்கினவுக கொதிச்சுப்போனாக. வலையை நடத்தினவுக கூப்பிட்டுக் கண்டிச்சாக. ஆனா அந்த ஒரு மெயிலால 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மெஷின் வித்துச்சுன்னு அவன் பின்னாடி பெருமை பேசினான்.

பாத்தியா, உன் மூஞ்சியில வெளிச்சம் அடிக்குது. ‘வித்துச்சுல்லா மாமா’ங்கே. வித்துச்சு, இல்லன்னு சொல்லல. அந்த 400 பேரும் கம்ப்யூட்டரோடயே பொழங்கினவுக. மெஷின் ஒவ்வொண்ணும் லட்சக்கணக்கான டாலரு; கொஞ்சம் பேரு வாங்கினாலே கோடி சேந்துரும். அதுமாதிரி ஒரு விளம்பரத்தை அதுக்கு முந்தி எவனும் கண்டதுமில்ல. நீ விக்கது கிலோக் கணக்குல கருப்பட்டி. காலையில எந்திரிச்சாக் கடன் வேணுமா, காப்பீடு வேணுமா, வழுக்கைக்கு எண்ணெய் வேணுமான்னு மெயில் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போனவன்கிட்ட விக்கப் போறே.

அதுவும் அவன் கண்ணுல பட்டாத்தான். ஜிமெயில்காரன் 2024 பிப்ரவரியிலருந்து ஒரு கண்டிசன் போட்டிருக்கான். ஒரு நாளைக்கு அஞ்சாயிரத்துக்கு மேல அனுப்புறவன், இது என் டொமைன்லருந்து நான்தான் அனுப்பினேன்னு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க்னு மூணு அத்தாட்சி வச்சிருக்கணும். வேண்டாம்னு நினைக்கவன் ஒரே தட்டுல வெளியேற வழி வச்சிருக்கணும். மெயில் கிடைச்சவுகள்ல ஆயிரத்துக்கு மூணு பேரு ‘ஸ்பாம்’னு தட்டுற அளவுக்குப் போகவே விடக்கூடாது, ஆயிரத்துக்கு ஒண்ணுக்குக் கீழ இருந்தா நல்லதுங்கான். யாஹூகாரனும் அதே நேரத்துல இதே பாட்டைப் பாடினான். உன் ஒரு லட்சத்துல ‘எவன்டா இவன்’னு எரிச்சல்படுதவன் ஆயிரத்துக்கு மூணு பேருக்குள்ளதான் இருப்பான்னு சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுவியா?

இதோட விட்டாலும் பரவால்ல. விலைக்கு விக்கிற லிஸ்டுல பொறிமுகவரியும் கலந்து கிடக்குமாம். எந்த மனுசனும் பொழங்காத முகவரி. குப்பை மெயில் அனுப்புறவனைப் பிடிக்கதுக்குன்னே போட்டு வச்சிருப்பாக. அதுக்கு ஒரு மெயில் போச்சுன்னா உன் பேரு கறுப்புப் பட்டியல்ல ஏறும். ஸ்பாம்ஹவுஸ்னு 1998-லருந்து அதே பொழைப்பா ஒரு அமைப்பு இருக்கு. பேரு கெட்டதும் என்ன நடக்கும் தெரியுமா? வருஷக்கணக்கா உன்கிட்ட வாங்குற மதுரை டீச்சரம்மாவுக்கு நீ அனுப்புற பில்லுகூட ஸ்பாம்ல போயி விழும். அந்த அம்மா ‘பணம் கட்டினேன், பயல் ஏமாத்திட்டான்’னு நினைக்கும். அஞ்சு பைசாவுக்கு வாங்கினது அங்கதான் வேலையைக் காட்டும்.

சட்டம் வேற இருக்கு. அமெரிக்காவுல 2003-லயே போட்டுட்டாக: பொய்த் தலைப்புக் கூடாது, அனுப்புறவனோட தபால் முகவரி உள்ள இருக்கணும், வேண்டாம்னு சொன்னவனைப் பத்து வேலை நாளுக்குள்ள எடுத்துரணும். இங்க 2023-ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கு. ஒருத்தன் விவரத்தை எடுத்துப் பொழங்கணும்னா அவன் சம்மதம் வேணும்ங்குது, மீறினாக் கோடிக் கணக்குல அபராதம் போட வழி வச்சிருக்கு. நீ வித்த கருப்பட்டிய மொத்தமா அடுக்கினாலும் அந்த ரூபாய்க்குக் காணாது. அந்த லிஸ்டை அழிச்சுத் தொலை. அஞ்சாயிரம் போனது போகட்டும், அதைக் கல்விச் செலவுன்னு எழுதிக்கோ.

அப்போ யாருக்கு அனுப்ப? உன்கிட்ட ஏற்கெனவே வாங்கினவனுக்கு. கடையில நின்னு ‘புதுக் கருப்பட்டி எப்ப வரும்’னு கேக்காகள்லா, அவுகளுக்கு. ‘வந்ததும் மெயில்ல சொல்லட்டுமா’ன்னு கேளு. சரின்னா எழுதிக்கோ. இல்லன்னா சிரிச்சுக்கிட்டே வழியனுப்பி வை. அமெரிக்காவுல செத் கோடின் இதுக்கு ‘பெர்மிஷன் மார்க்கெட்டிங்’னு பேரு வச்சு 1999-ல ஒரு புத்தகமே போட்டுட்டாரு. உங்க ஆச்சி மோர் வித்தப்போ ‘நாளைக்கும் ஊத்தட்டுமா’ன்னு கேட்டுட்டு வருவா, அவ புத்தகம் போடல, அவ்வளவுதான்.

இருநூறு பேரு சேந்தாலும் போதும்டே. ஃபேஸ்புக்குல உனக்குப் பத்தாயிரம் பேருங்கே. அவுக அந்தக் கம்பெனி ஆளுக. நாளைக்கு உன் கணக்கை மூடினாலோ, உன் பதிவை யாருக்கும் காட்டாம அமுக்கினாலோ, அதுல ஒருத்தரோட முகவரிகூட உன் கையில இருக்காது. மெயில் லிஸ்டை நீ எந்த மென்பொருளுக்கு வேணும்னாலும் தூக்கிட்டுப் போகலாம். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில ஆபீசு போட்டிருக்க ஜோஹோகாரனும் அந்த மென்பொருளு விக்கான். வெளிநாட்டுல மெயில்சிம்ப்னு குரங்குப் படம் போட்ட கம்பெனி; அதை 2021-ல சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கினாக. மெயில் செத்துப்போச்சுன்னு உனக்கு வகுப்பெடுத்தானே உன் கூட்டாளி, அவன்கிட்ட இதைச் சொல்லு.

துட்டுக் கணக்குக்கு வருவோம், நீ அதுக்குத்தானே இந்த வெயில்ல வந்தே. ஒரு பேச்சுக்கு வச்சுக்கோ: ஒரு கிலோவுல உனக்கு நிக்கிறது நூறு ரூபா. ஃபேஸ்புக்குல விளம்பரம் போட்டு ஒரு புது ஆளைப் பிடிக்க நூத்தம்பது ஆகுது. முதல் வியாபாரத்துல அம்பது ரூபா கையை விட்டுப் போச்சு. நீ என்ன பண்ணுதே? இன்னொரு புது ஆளைத் தேடிப்போயி இன்னொரு அம்பதை விடுதே. ‘நிறைய ஆர்டர் மாமா’ன்னு காலரைத் தூக்கிவிட்டுக்கிடுதே. ஆர்டர் கூடக்கூட நஷ்டமும் கூடுது, அதுலயும் நம்ம வம்சத்துல நீதான் முதல் ஆளு. வாங்கின ஆளு வீட்டுல ஒரு கிலோ எத்தனை நாளைக்கு வரும்? ஒரு மாசம், ஒண்ணரை மாசம். அது தீரப் போற நேரம் பாத்து ஒரு மெயில் போடு. போடுத செலவு பைசாவுலதான். அவன் மறுபடி வாங்கினா அந்த நூறு அப்படியே உனக்கு. லாபம் ரெண்டாவது கிலோவுல இருக்குடே. முதல் கிலோவுல இல்ல.

என்ன எழுதன்னு தலையைச் சொறியாதே. பங்குனி, சித்திரையில பதனீர் இறங்குது. புதுக் கருப்பட்டி வருதுன்னு எழுது. மழைக் காலத்துல கருப்பட்டி கசியும். கெட்டுப்போச்சுன்னு பட்டணத்துக்காரன் குப்பையில போடுவான். அவனுக்குக் காத்துப் புகாம எப்படி வைக்கதுன்னு ஐப்பசிக்கு முந்தியே எழுது. சீனி கலந்த கருப்பட்டிக்கும் சுத்தக் கருப்பட்டிக்கும் வித்தியாசம் எழுது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுதே, அதை ஒரு தடவை எழுது. ஒவ்வொரு மெயில்லயும் எழுதிக் கழுத்தறுக்காதே. சுக்குக் காப்பி பக்குவம் உங்க அம்மாகிட்ட கேட்டு எழுது. நாலு மெயில் இப்படிப் போச்சுன்னா அஞ்சாவதுல ‘வேணுமா’ன்னு கேக்கலாம். வந்து உக்காந்த அன்னைக்கே தாலிக் கயித்தை நீட்டுத மாப்பிள்ளை மாதிரி முதல் மெயில்லயே ‘இன்று மட்டும் 50 சதவீதம்’னு ஆரம்பிச்சேன்னா, வீட்டுக்காரன் கதவைச் சாத்திருவான். இன்னொண்ணு. அடிக்கடி தள்ளுபடி போட்டேன்னா, அடுத்த தள்ளுபடி வரட்டும்னு காத்திருக்க நீயே அவனைப் பழக்கிவிட்ட மாதிரி.

தலைப்புலதான் எல்லாம் இருக்குன்னு உன் கூட்டாளி சொல்லுவான். ஓரளவு உண்மை. 2012-ல ஒபாமா தேர்தல் நிதி திரட்டினப்போ, ஒரே மெயிலுக்குப் பல தலைப்பு எழுதி, கொஞ்சம் பேருக்கு மட்டும் அனுப்பிச் சோதிச்சு, எது துட்டு கொண்டாந்துச்சோ அதை ஊருக்கே அனுப்பினாக. எதிராளி என்னை விடக் கூடுதலாச் செலவு பண்ணப் போறாருங்கிற அர்த்தத்துல ஒரு தலைப்பு. அது மட்டும் 26 லட்சம் டாலரைத் தாண்டிக் கொண்டாந்துச்சு. வெறும் ‘ஹே’ன்னு ஒரு தலைப்பும் நல்லா ஓடுச்சாம். நான் உன்னை ‘ஏல’ன்னு கூப்பிட்டா மூஞ்சியைத் திருப்புதே, அங்க அதுக்குத் துட்டு குடுத்திருக்கான். எது ஜெயிக்கும்னு அந்தப் பெரிய படிப்புக்காரங்களாலயே முன்கூட்டிச் சொல்ல முடியல. பூவும் பொட்டுமா ஜோடிச்ச மெயிலை விட வெறும் எழுத்துல போனது நல்லா வேலை பாத்துச்சு. உன் மெயிலைப் பாத்தேன். கல்யாணப் பந்தல்கூட அவ்வளவு மினுங்காது. அனுப்புநர் பேருல ‘பதில் அனுப்பாதீர்கள்’னு வேற போட்டிருக்கே. கருப்பட்டி வாங்குனு கூப்பிடுத ஆளு, பேசாதேன்னு சொல்லலாமா? உன் பேரைப் போடு. பதில் வந்தா நீயே உக்காந்து எழுது.

எத்தனை பேரு திறந்தாகன்னு கணக்கைக் காட்டிச் சிரிக்காதே. 2021-லருந்து ஆப்பிள் போனுல வர்ற மெயிலை, ஆளு பாத்தாலும் பாக்காட்டாலும், அவன் மெயில் செயலியே படத்தையெல்லாம் முன்கூட்டி இழுத்து வச்சுக்கிடுது. உனக்குத் திறந்த மாதிரி கணக்கு வரும். எத்தனை பேரு பதில் போட்டாக, எத்தனை பேரு மறுபடி வாங்கினாக, கையில என்ன நின்னுச்சு, இந்த மூணைப் பாரு.

ஹாட்மெயில் கதையும் கேட்டுட்டுப் போ. 1996-ல சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஆரம்பிச்சாக. ஒவ்வொரு மெயிலுக்கும் அடியில, நீங்களும் இலவசமா ஒரு கணக்கு தொடங்கலாம்னு ஒரே ஒரு வரி. தெரிஞ்சவன் எழுதின கடுதாசியோட சேந்து போச்சு, அதனால கசக்கல. அடுத்த வருஷக் கடைசியில மைக்ரோசாஃப்ட் வாங்கிருச்சு. உன் பழைய வாடிக்கை ஆளு ஒருத்தன் உன் மெயிலைத் தன் மச்சானுக்கு அனுப்பினா அது போதும். ‘தெரிஞ்சவங்களுக்கு அனுப்புங்க’ன்னு அடியில ஒரு வரி போடு, தப்பில்ல.

கடைசியா, அந்த ‘வேண்டாம், என்னை விட்டுரு’ங்கிற சுட்டி. அதை எறும்புக் கண்ணு எழுத்துல ஒளிச்சு வச்சிருக்கியே, கெட்டிக்காரத்தனம்னு நினைப்பா? வெளியேற வழி தெரியாதவன் சும்மா இருக்க மாட்டான்டே, ஸ்பாம்னு தட்டிட்டுப் போவான். கண்ணுக்குத் தெரியுத மாதிரி பெருசாப் போடு. போறவன் போகட்டும். ஒரு வருஷமாத் திரும்பியே பாக்காதவனுக்கு, வேணுமா வேண்டாமான்னு ஒரு தடவை கேட்டுட்டு நீயே எடுத்துரு.

சரி, வெயில் தாழப் போகுது, கிளம்பு. இன்னைக்கு ராத்திரியே பழைய பில்லுப் புத்தகத்தை எடுத்து வச்சு, இதுவரை வாங்கினவுக ஒவ்வொருத்தருக்கும் ‘மெயில் போடட்டுமா’ன்னு போனைப் போட்டுக் கேளு. எனக்கும் ஒண்ணு அனுப்பு. பிடிக்கலன்னா மாமன், மருமவன்னு பாக்க மாட்டேன், நானே முதல் ஆளா அந்தச் சுட்டியைத் தட்டிருவேன்.